அமுலுவின் இடது கால்

வியாசர்பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நீலா கம்பெனியின் ஆட்டோ ஒன்று நின்றுபோனது. உள்ளே ஹால் டிக்கெட்டும் கையுமாக ஒரு பெண் பரிதவித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த துரிதா கம்பெனி ஆட்டோவில் அமுலு இருந்தாள். இரண்டும் தானாக ஓடுபவை; டிரைவர் கிடையாது.

"பாவம், பரீட்சைக்குப் போவுது. கொஞ்சம் தள்ளி வுடேன்," என்றாள் அமுலு தன் வண்டியிடம்.

"மன்னிக்கவும். நின்றுபோன வண்டியைப் பின்வண்டி தள்ளும் முறை யாருடையது என்று எங்களுக்கும் நீலா நிறுவனத்துக்கும் காப்புரிமை வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை எந்த வண்டியும் தள்ளக் கூடாது."

அமுலு சிரித்துவிட்டாள். நாற்பது வருடங்களுக்கு முன் அவள் ஓட்டிய ஆட்டோ, மழையில் இதே ஏற்றத்தில்தான் நின்றது. முன்பின் தெரியாத ஒரு டிரைவர் தன் ஆட்டோவை ஓட்டியபடியே காலை நீட்டி, அவள் வண்டியின் பின்புறத்தில் ஊன்றி, "ஹேண்டில நேரா புடிம்மா" என்று கத்திக்கொண்டே மின்ட் பகுதியில் இருந்த மெக்கானிக் கடைவரை தள்ளி வந்தான். அந்தக் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த அழுக்குத் துணிகூட அவளுக்கு மறக்கவில்லை.

காலியாக இருந்த முன்சீட்டுக்கு மாறி, புடவையைச் செருகிக்கொண்டு, இடது காலை நீட்டி நீலாவின் மேல் ஊன்றினாள்.

"நீ தள்ளாத. நேரா போ, போதும். எனக்கு ஒருத்தரு காட்டுன வித்தை இது."

துரிதா சற்றுத் தயங்கிவிட்டு நகர்ந்தது. நீலாவும் நகர்ந்தது.

பாலம் இறங்கியதும் வண்டி கேட்டது: "இதை உங்களுக்குக் காட்டியவர் நீலாவின் ஆளா? வழக்கில் சேர்க்க வேண்டும். பெயர் சொல்லுங்கள்."

"அவரு பேர நான் சொல்றதில்ல," என்றாள் அமுலு. "முப்பத்தெட்டு வருஷம் 'ஏங்க'ன்னுதான் கூப்ட்டேன்."