மயிலாப்பூர் மனக்கணக்கு

"உங்க அதீபா விரல் கணுவைத் தொட்டுத் தொட்டுக் கூட்டுறா. மூணாங்கிளாஸ்ல மனக்கணக்குதான் போடணும்" என்று அவள் அம்மா நஸ்ருன்னிசாவிடம் அலுத்துக்கொண்டார் மைதிலி மிஸ்.

"தொழுதுட்டு நாங்க அப்டித்தான் மிஸ் எண்ணி ஓதுவோம். அதைப் பாத்துக் கத்துக்கினா."

"அதானே பார்த்தேன்! உங்க வீட்டுப் பழக்கத்தையெல்லாம் மயிலாப்பூர் ஸ்கூலுக்குத் தூக்கிண்டு வந்தா எப்படி? திங்கள்லேர்ந்து ஸ்பெஷல் கிளாஸ்ல உட்காரட்டும்."

பக்கத்தில் நின்ற அதீபாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அதுல எத்தினி புள்ளைங்க மிஸ்?" என்று கேட்டாள் நஸ்ருன்னிசா.

"இருங்கோ... கயல், விக்கி, சாய்ராம்..."

தினமும் காலையில் நூற்றெட்டு ராமநாமம் சொல்லும் மிஸ்ஸின் கட்டைவிரல், சுண்டுவிரல் கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாகத் தானே ஏறியது.

அதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷமாகக் கேட்டாள்:

"அம்மி, மிஸ்ஸும் எங்கூட ஸ்பெஷல் கிளாஸா?"