ஒரு கற்பனை நிறுவனம்

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி, ஆறாவது மாடி நேர்காணல் அறை. மனிதவளப் பிரிவுப் பெண் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"சார், இன்னும் ஒருத்தங்கதான். முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. முன்னாடி வந்த பையன் நீங்க திட்டிட்டீங்கன்னு நினைச்சுட்டுப் போறான்."

"நான் வாயே திறக்கலையேம்மா."

"அதான் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து எல்லோரிடமும் ஒரே கேள்வி. வந்தவர்கள் வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து, அம்புக்குறி போட்டு, "இன்னும் ஆழமாப் பார்க்கணும் சார்" என்று முடித்துவிட்டுப் போனார்கள்.

கையிலிருந்த தாளில் அடுத்தவரின் பெயர் இல்லை, முன்பு எங்கே வேலை பார்த்தார் என்பதும் இல்லை. பாரபட்சம் வரக் கூடாதென்று அந்த நிறுவனத்தில் அதையெல்லாம் மறைத்துத்தான் தருவார்கள்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஏறி இறங்கிய அலுவலகங்களின் களைப்பு அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"டேட்டா வேலை சார், வீட்லேர்ந்தே. எடுத்த வேலையைப் பாதியில விட்டதில்ல. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்குக்கூட ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து முடிச்சேன். கொஞ்சம் லேட்டாச்சு, அவ்வளவுதான்."

இந்த மாதிரிக் கதைகளை அவர் நிறையக் கேட்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டுக் கேள்விக்கு வந்தார்.

"ஒரு கற்பனை நிறுவனம். ஆப்ல சொன்னா வீட்டுக்குக் குழாய் ரிப்பேர், கரண்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்புவாங்க. நல்லா ஓடிட்டிருந்தது. ஆகஸ்ட்லேர்ந்து அஞ்சுல ஒரு ஆர்டர் ரத்தாகுது. ஏன்?"

அதில் கற்பனை என்ற சொல் மட்டும்தான் கற்பனை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவருடைய குழுவைக் கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது, அவரையும் சேர்த்துத்தான். இப்போது ஆள் எடுப்பது வேறொரு குழுவுக்கு. கேள்வி கேட்க உட்கார வைத்த இடத்தில், அவர் தன் வீட்டு நெருப்பைக் கேள்வியாக்கிவிட்டார்.

அவள் பலகைப் பக்கம் போகவில்லை.

"விலை ஏத்தினாங்களா சார்?"

"இல்ல."

"ரத்து பண்றது யாரு? ஆர்டர் கொடுத்தவங்களா, வேலைக்குப் போறவங்களா?"

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

"போறவங்கதான். வீட்டைக் கண்டுபிடிக்க முடியலைங்கறாங்க. 'பச்சை கேட்டு, நாய் குரைக்கும்'னு முகவரி எழுதினா எவன் கண்டுபிடிப்பான்? ஆனா ஜனங்க எப்பவுமே அப்படித்தான் எழுதறாங்க. ஜூலை வரைக்கும் அதனால ஒரு தொந்தரவும் இல்லையே!"

"ஜூலையில எதை நிறுத்தினாங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. செலவைக் குறைக்கச் சொன்னாங்க. தேனீன்னு ஒரு சாஃப்ட்வேர், எனக்கு முன்னாடி இருந்தவர் ஏற்பாடு. தினமும் காலையில எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவுல 'முடிஞ்சது'ன்னு ஒரே ஒரு வரி போடும். என்ன முடிஞ்சதுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. அதுக்கு ஒரு ஏஜென்சிக்கு மாசாமாசம் பணம் வேற. நிறுத்திட்டேன்."

"கற்பனை நிறுவனத்துலயா சார்?"

மேலாளர் இருமினார். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. "இங்கதான். நீங்க மேல சொல்லுங்க."

அவள் மேசையைப் பார்த்தபடி, அலுத்துப்போன குரலில், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"முகவரிதான் சார் முடிஞ்சது. ராத்திரி வந்த ஆர்டரையெல்லாம் தேனீ விடியக்காலையில ஒண்ணொண்ணாப் படிக்கும். புரியலைன்னா அந்த வீட்டுக்கே போன் பண்ணி, எந்தத் தெரு, எந்தப் பக்கம்னு கேட்டுத் திருத்தி வைக்கும். ஆள் கிளம்பறதுக்குள்ள எல்லாம் சரியா இருக்கும். அது நின்னுபோச்சு, வீடு கிடைக்கல."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு.

"நல்லாத்தான் யோசிக்கறீங்க. ஆனா, சாஃப்ட்வேர் எப்படிம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிப் பேசும்? அது வெறும் மெஷின். நான் வந்த புதுசுல, பிப்ரவரியில ஒரே ஒரு நாள் அந்த 'முடிஞ்சது' மத்தியானம்தான் வந்தது. சர்வர் கோளாறுன்னு நானே குறிச்சு வெச்சேன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கோளாறு இல்ல சார். அம்மாவுக்கு ஆபரேஷன்."