நாற்பதாவது பிரதி

காலையில் பல் துலக்கினேன். காபி குடித்தேன். உருளையால் மை தடவினேன். நான் வாய் பிளந்து தூங்குவதை என் மனைவி தமயந்தி லினோ அச்சுத் தகட்டில் செதுக்கியிருந்தாள். நாற்பது பிரதிகள் மட்டும் என்று சொல்லித்தான் விற்றோம். இன்று கடைசியை அச்செடுத்தேன்.

கேலரிக்காரர் போனில் கெஞ்சினார். “இன்னும் பத்து போடுங்க தம்பி. அவங்கதான் இல்லையே, அந்தக் கை வேலை இனிமே கிடைக்குமா? யாருக்குத் தெரியப்போகுது?”

“நாப்பதுதான் சார்.”

மறுபடி அச்சிட முடியாதபடி தகட்டைக் கீறிவிடுவது வழக்கம். அவளுடைய உளியையே எடுத்தேன். என் புருவத்தில் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தி இழுத்தேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் கடைசியாகச் சொன்னது: “நாப்பதோட நிறுத்திடு. ஊர் பூரா உன் குறட்டை எதுக்குடா?”