பின்பக்கமும் வேணும்

"உங்க அபராதச் சீட்டோட நகல் உங்களுக்கே எதுக்கு சார்?"

கேட்டது நான்தான். ஆஷ்பி கவுண்டி கோர்ட்டில் பதிவேடு ஜன்னல் இருபது வருஷமாக என்னுடையது. வருகிறவர்கள் எல்லாரும் பழைய அபராதத்தை எப்படி அழிப்பது என்றுதான் கேட்பார்கள். தோண்டி எடுத்துக் கொடு என்று ஒருவர் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

பெயர் ராய்ஸ் டெட்மர். அறுபது வயது இருக்கும். விதைக் கம்பெனி பேர் போட்ட தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என் பொண்ணு கேட்டிருக்கா மேடம். அவளுக்கு இந்த மாசம் பிரசவம். அந்தப் பேப்பரோட வந்தா வா, இல்லாட்டி வாசப்படி ஏறாதேன்னுட்டா."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காலத்துப் பெண்கள் குழந்தையைத் தாத்தா காரில் ஏற்றுவதற்கு முன்னால் தாத்தாவின் ஜாதகத்தையே கேட்கிறார்கள்.

"எப்ப நடந்தது?"

"தொண்ணூத்தாறு, ஜூன் பதினாலு. முதல்ல சிட்டி கோர்ட்ல கேட்டேன். இல்லைன்னாங்க. நான் குடியிருக்கிற கவுண்டியில கேட்டேன். அங்கேயும் இல்லை."

"சிட்டி போலீஸ் பிடிச்சாத்தான் சிட்டி கோர்ட். உங்களைப் பிடிச்சது யாரு?"

"ஷெரிஃப் ஆளு, கவுண்டி போலீஸ். ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம்."

"அப்ப எங்க கவுண்டிதான். எங்க மாட்டினீங்களோ அங்கதான் பேப்பர் இருக்கும். வீடு எங்க இருந்தா கோர்ட்டுக்கு என்ன?"

"மூணு நாளா அலையறேன். யாராவது சொல்லியிருக்கலாம்."

"யாரையாவது கேட்டிருக்கலாம்."

கம்ப்யூட்டரில் தட்டினேன். வந்தது. ஐம்பத்தைந்து மைல் வேகச் சாலையில் தொண்ணூற்று நாலு. வெள்ளி பகலிலிருந்து திங்கள் வரை லாக்கப். எங்கள் ஊருக்கு நீதிபதி திங்கள்கிழமை மட்டும்தான் வருவார். வெள்ளியன்று மாட்டினால் மூன்று ராத்திரி உள்ளேதான். திங்களன்று குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டேன்.

"சார், சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கறீங்க? அதுக்கப்புறம் உங்க பேர்ல ஒண்ணுமே இல்லை. கடைசிப் பத்து வருஷத்துப் பதிவை மட்டும் போட்டுத் தர்றேன். அதை நீட்டுங்க, குழந்தையை உங்க மடியில போட்டுடுவா."

"வேண்டாம் மேடம். அந்தச் சீட்டுதான் வேணும்."

கம்ப்யூட்டரில் இருந்ததை அச்செடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது மெஷின் அடிச்சது. அந்த ஆள் ரோட்டுல நின்னு கையால எழுதினது வேணும். பின்பக்கமும் வேணும்."

பக்கத்து ஜன்னல் கோனி அந்தத் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "தொண்ணூத்தி நாலு மைல் வேகம்! ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறாரு போல."

வரிசையிலும் சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

அந்தக் காலத்துத் தாள்கள் எல்லாம் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். எனக்கு முட்டி வலி வேறு. நாற்பது நிமிஷம் கழித்து மூன்றாவது பெட்டியில் அந்த மஞ்சள் சீட்டு கிடைத்தது. மேலே வந்தால், மனிதர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாங்க, உங்க பொக்கிஷம்."

அவர் வாங்கவில்லை.

"நீங்களே திருப்பிப் படிச்சுடுங்க மேடம். நான் கத்திக்கிட்டே இருந்தேன், அந்த ஆள் சீட்டைத் திருப்பி வச்சு ஏதோ எழுதினான். என்ன எழுதினான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

திருப்பினேன். பென்சில் எழுத்து. கொஞ்சம் மங்கியிருந்தது. சத்தமாகவே படித்தேன்.

"பகல் பதினொன்று நாற்பது. ஊதச் சொன்னேன், மது இல்லை. மனைவிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குப் போக விடு என்று அழுகிறார். வேகமாக ஓட்டுகிறவன் எல்லாம் சொல்கிற கதை. நம்பவில்லை."

கோனி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஜூன் பதினாலு என் பொண்ணு பிறந்த நாள்," என்றார் அவர். "அந்தக் காலத்துல நான் குடிகாரன்தான், இல்லைன்னு சொல்லலை. அன்னிக்குக் குடிக்கலை. லாக்கப்புல இருந்தேன்னு சொன்னா, குடிச்சிட்டு ஓட்டி மாட்டியிருப்பேங்கிறாங்க தாயும் பொண்ணும். 'நான் பிறந்தப்ப எந்த பார்ல விழுந்து கிடந்தே'ன்னு அவ கேக்காத பிறந்த நாள் கிடையாது. உன்னைப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன்மான்னு சொன்னேன். எழுத்துல காட்டுன்னா."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜாதகம், சங்கு என்று எவ்வளவு பேசிவிட்டேன்!

இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்தேன். கவுண்டி முத்திரையை எப்போதும் முன்பக்கத்தில்தான் குத்துவேன். அன்று தாளைத் திருப்பிப் போட்டு, அந்த 'நம்பவில்லை'க்குப் பக்கத்திலேயே அழுத்திக் குத்திக் கொடுத்தேன்.