ஒரு கேன் ஆயில்

சாவி தம்பியின் கையில் இருந்தது. ஆனாலும் வண்டி நிற்கவில்லை.

சாவியை உருவிய பிறகும் அந்த டீசல் பிக்கப் வெறி பிடித்ததுபோல் அலறியது. சைலன்சர் கக்கிய வெள்ளைப் புகையில் தெருவே மறைந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தம்பி மட்டும் சாவியும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றான்.

எதிர் ஷெட்டிலிருந்து அண்ணன் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். பானெட்டைத் தூக்கி, காற்றுக் குழாயைப் பிடுங்கி, தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி இன்ஜினின் வாயில் திணித்தார். மூச்சு முட்டிய வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுவது அந்த ஒரு வண்டிதான். காலையில் அண்ணன் லோடு அடிப்பார், மதியத்துக்கு மேல் தம்பி. பல மாதங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை. சொத்துக்காகச் சண்டை என்றால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளலாம். இவர்கள் சண்டை, ஆயில் மாற்றுவது யார் முறை என்பதற்காக வந்தது.

அதிகம் ஓட்டுபவன் தம்பி, அவனே மாற்றட்டும் என்றார் அண்ணன். அவர் மாற்றும்வரை ஆயில் மூடியைத் தொடமாட்டேன் என்று தம்பி நாலு பேர் முன்னால் சபதம் போட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மட்டும் இருவரும் ஒரே அச்சு.

ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். அண்ணன் வெறும் பனியனோடு உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். முன்னால் போன வண்டியில் இருந்த தம்பி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவனுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால், நுனியில்கூட ஒட்டவில்லை. சோறு போடுகிற வண்டியைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. கையோடு போய் ஒரு கேன் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டான்.

இன்று மதியம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, திருடனைப்போல் பதுங்கிப் பதுங்கி அதை ஊற்றினான். மறுபடி குச்சியை எடுத்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. எப்போதும் துணியைச் சுற்றித் திருகினாலும் அடம்பிடிக்கும் மூடி, இன்று ஒரே திருகில் கழன்று வந்தது. நல்ல காரியத்துக்கு வண்டியே வழிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஊற்றிக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில்தான் அந்த அலறல். நாள்பட்ட பட்டினி, ஒரு கேனில் தீராமல் போய்விட்டது என்றுதான் அவனுக்குப் பட்டது. ஊற்றியதை வெளியில் சொல்லவும் முடியாது, சொன்னால் சபதத்தில் தோற்றதாகிவிடும்.

அதனால் ஒர்க்ஷாப்பில் எல்லார் முன்னாலும், மெக்கானிக்கிடம் பேசுவதுபோல் அண்ணனுக்குக் கேட்கும்படி பேசினான்.

"இத்தனை மாசத்துல ஒரு சொட்டு ஆயில் ஊத்தியிருப்பாரான்னு கேளுங்க. பட்டினி போட்டே கொன்னுட்டாரு வண்டிய."

அண்ணன் சுவரோரமாக நின்று, காய்ந்துபோன சோற்றுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றிருந்தது தம்பிக்கு.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைக் கழற்றினார். ஆயில் கொட்டியது. வாளி நிறைந்தது. அதை நகர்த்திவிட்டு இன்னொரு வாளி வைத்தார். அதுவும் நிறையப் போகிற மாதிரி இருந்தபோது வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"யாருப்பா பட்டினின்னு சொன்னது? இது அஜீரணம்."

கழுத்துவரை ஆயிலை ஊற்றினால் இன்ஜின் டீசலை விட்டுவிட்டு அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கும், அப்புறம் சாவியைப் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன என்று விளக்கினார். சட்டையைத் திணித்தவர் மட்டும் இல்லையென்றால் இன்ஜினைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்க வேண்டுமாம்.

"ஒரு கேன் ஊத்தியிருந்தா ஜம்முனு ஓடியிருக்கும். ரெண்டு கேன் ஊத்தியிருக்கு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுதானப்பா. ஊத்தினது யாரு?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கேன்தானே ஊற்றினோம் என்று கணக்கு உதைத்தது. ஆனால் கணக்குப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை. வண்டியைக் கெடுத்தது அவன். காப்பாற்றியது அவர். அந்த மனிதரையா பனியனோடு நிறுத்திவைத்து, வேற்று ஆட்கள் முன்னால் அப்படிப் பேசினான்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் அண்ணன் சுவரோரத்திலிருந்து நடந்து வந்தார். மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்ததும் அவர் தலைதான் முதலில் குனிந்தது.

"நான்தாண்டா தம்பி. நீ பார்த்துடக் கூடாதேன்னு காலையில அவசரமா ஒரு கேன் ஊத்தினேன், மூடியக்கூட சரியா இறுக்கல."