சகாயம் ஏறி வந்த பாட்டு

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு மூச்சுத் திணறி இறந்துபோன தங்கள் டிரம்மர் சகாயத்துக்காக நிரோஷாவின் ராக் குழு அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தது. கடைசி வரியில், அவனை இறக்கிய ஒப்பந்ததாரரின் பெயரை அவள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள்.

இப்போதெல்லாம் எந்தப் பாட்டும் கேட்பவர் மனம் நோகாதபடி தன்னை மாற்றிக்கொண்டுதான் ஒவ்வொருவர் போனிலும் ஒலிக்கிறது. இதைக் கேட்ட மாநகராட்சி அதிகாரி ஒருவர், அருமையான மழைப் பாட்டு என்று நிரோஷாவைப் பாராட்டி எழுதியிருந்தார்.

பெரும்பாக்கம் குடியிருப்பின் ஏழாவது மாடியில் சகாயத்தின் அம்மா பவுனு, நிரோஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் போனில் அதே பாட்டைப் போட்டாள். நிரோஷாவின் குரல்தான். ஆனால் அவள் பாடாத ஒன்றை அது பாடியது. பாட்டில் சகாயம் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி வந்தான். முகம் கழுவினான். பசிக்குது என்றான்.

பாட்டு முடிந்தது. கீழே தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடங்கள் மோதிக்கொண்டன.

"அத்தே, நான் இப்படிப் பாடல. அழிச்சிடவா?"

"எதுக்குடி அழிக்கிற?"

"பொய்யாச்சே."

"அவன் வரலைன்னு எனக்குத் தெரியாதா? பொணத்தக் குளிப்பாட்டினதே நான்தான்." பவுனு போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். அந்த ஆபீசருக்குத்தான் மழையாக் கேட்டுச்சாமே, அவருக்கு எதுக்கு போன்ல அனுப்புற? கிட்டார எடு. அவர் வூட்டு வாசல்ல போய் நின்னு பாடு. நானும் வரேன்."