விடாத தேதி

"அழிச்சாச்சுன்னா அழிச்சாச்சுதான்! அதுக்கு மேல என்ன..."

"எங்குட்டு அழிஞ்சது? பிடிச்ச பிடியை விடாம..."

"நான் பேசி முடிச்சிக்கிறேன், பாண்டீஸ்வரி!"

"நீங்க எதைத்தான் ஒழுங்கா முடிச்சிருக்கீக?"

பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. காரைக்குடியில் இருக்கும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில், கல்யாண மண்டபங்களுக்கான புக்கிங் புரோகிராம் முழுக்க அவன் எழுதியது. அதில்தான் இவள் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறாள். வைகாசியிலிருந்து இருவருக்குள்ளும் வேலைப் பேச்சு மட்டும்தான். அதுவும் இந்த லட்சணத்தில்.

"ஒரு கல்யாணம் ரத்தாச்சு. உங்க புரோகிராம் அந்தப் புக்கிங் பதிவை, அதான் ஆப்ஜெக்டை, அழிச்சிருச்சு. அது பூட்டி வச்சிருந்த தேதியை யாரு திறக்குறது? சாவியை இடுப்புல சொருகிக்கிட்டே சுடுகாட்டுக்குப் போன கதையால்ல இருக்கு! அழியிறதுக்கு முன்னாடி ஓட வேண்டிய டிஸ்ட்ரக்டர நீங்க எழுதவே இல்ல."

"மாசக் கடைசியில சிஸ்டத்துக் குப்பையெல்லாம் தானா கழிஞ்சிரும், தேதியும் திறந்துரும்."

"அதுவரைக்கும்? அதே தேதி கேட்டுப் பொண்ணோட அப்பா மண்டபத்துல நிக்கிறாரு. காலியில்லைன்னே காட்டுது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர்ல லீவு அந்த ஒரு வாரந்தான். தவறுனா கல்யாணம் அடுத்த வருசத்துக்குப் போயிரும்."

"நின்னுபோன கல்யாணத்துக்காரவுகளே கவலைப்படல. உனக்கென்ன வந்துச்சு?"

பாண்டீஸ்வரி நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். "எழுதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். முதலில் தேதியைத் திற, அப்புறம் அழி. மூன்றே வரி.

அவள் தன் இடத்துக்குப் போய், ரத்தான புக்கிங்கை மறுபடி உயிர்ப்பித்தாள். திரையைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு முறையாக ரத்து செய்தாள்.

போன் அலறியது. மண்டபத்து மேனேஜர் மருது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"திறந்துருச்சு தாயி! உடனே புது புக்கிங்கைப் போட்டுட்டேன்."

பூமிநாதன் சிரித்தான். "இம்புட்டுத்தானா? ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னா குதி குதிச்சே!"

"ஊரான் வீடு இல்ல," என்றாள் பாண்டீஸ்வரி, போனை மேசையில் வைத்தபடி. "ரத்தானது, உங்கம்மா போன்ல நிப்பாட்டுன நம்ம கல்யாணம். இப்ப மண்டபத்துல நிக்கிறது எங்கப்பா. தேதி அதேதான், மண்டபமும் அதேதான்... மாப்பிள்ளை மட்டுந்தான் வேற."